கோபுரம் இல்லாத தளத்தில் சர்க்யூட்டுக்குள் எப்படி நுழைவது, ரேடியோவில் என்ன சொல்வது?

நண்பரின் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் கற்றுத் தனியார் விமானி உரிமம் வாங்கியிருக்கிறார். ஆண்டு இறுதி விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் பெர்த் போய், அங்குள்ள ஜண்டகோட் விமான நிலையத்தில் செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நார்தம், ராட்னெஸ்ட் தீவு போன்ற சிறு தளங்களுக்குப் பறக்க வேண்டும் என்று திட்டம். அங்கெல்லாம் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. எந்தப் பக்கமிருந்து சர்க்யூட்டுக்குள், அதாவது ஓடுபாதையை ஒட்டி விமானங்கள் சுற்றும் செவ்வகப் பாதைக்குள் நுழைவது, ரேடியோவில் எதைச் சொல்வது, தப்பாகப் பேசினால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்களா என்று கேட்டிருக்கிறார். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று நினைக்கிறேன்: இதுவரை வரிசையில் என் இடத்தைக் கோபுரம் பார்த்துக்கொண்டது, இனி யார் பார்ப்பார்? நீங்களும், அந்த நேரத்தில் அங்கே பறந்துகொண்டிருக்கும் மற்றவர்களும்தான். ரேடியோ உதவும். ஆனால் நீங்கள் எங்கே, எந்த உயரத்தில், எந்தத் திசையில் வருகிறீர்கள் என்பதுதான் மற்றவர்களுக்கு முதலில் போய்ச் சேரும் செய்தி. அவர்கள் எங்கே உங்களைத் தேடுவார்களோ அங்கே இருங்கள். பதில் இவ்வளவுதான், மீதி எல்லாம் இதன் விளக்கம்.

நான் பேசும் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். பயிற்றுநராக வலது இருக்கையில் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன், இங்கேயும் ஆஸ்திரேலியாவிலும். அமெரிக்காவில் கொஞ்சம் பறந்திருக்கிறேன், சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லாமே ஒற்றை எஞ்சின் பிஸ்டன் விமானங்கள். ஜெட் ஓட்டுபவர்களுக்கு என் பேச்சு பாதிதான் பொருந்தும். கீழே வருவதில் சில விஷயங்கள் சட்டம், சில அதிகாரிகளின் பரிந்துரை, சில என் சொந்தப் பழக்கம். எது எது என்று அங்கங்கே குறிப்பிடுகிறேன். விமானிகள் தங்கள் பழக்கத்தைச் சட்டம் மாதிரி பேசுவார்கள். ஜாலான் காயு பரோட்டாக் கடையில் ஞாயிறு காலை இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து கேட்டாலே தெரிந்துவிடும். சிங்கப்பூர் உரிமத்தை அங்கே செல்லுபடியாக்குவது எப்படி என்பதை இங்கே தொடவில்லை. அதை வாடகைக்குத் தரும் பள்ளியிடமும் ஆஸ்திரேலிய ஆணையமான காஸாவிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிலேத்தாரில் கற்றவர்களுக்கு ஒரு நல்ல பழக்கமும் ஒரு கெட்ட பழக்கமும் சேர்ந்தே வருகின்றன. ஒரு பக்கம் சாங்கி விமான நிலையம், இன்னொரு பக்கம் பாய லேபார் விமானப்படைத் தளம், ஜலசந்தியைத் தாண்டினால் ஜோகூர் வான்வெளி. இவ்வளவு நெருக்கத்தில் பறக்கக் கற்றவர்கள் சொன்ன உயரத்தைப் பிடிப்பார்கள், கொடுத்த அனுமதியை ஒழுங்காகத் திருப்பிச் சொல்வார்கள். அந்த ஒழுக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். கெட்ட பழக்கம் எது என்றால், "கிளியர்டு டு லேண்ட்" என்று காதில் விழுந்ததும் கண் ஓய்வெடுத்துக்கொள்வது. கோபுரம் உள்ள தளத்திலும் கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானி மற்ற விமானங்களைத் தேடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். அங்கே கோபுரம் உங்கள் மறதியை ஈடுகட்டிவிடும். நார்தமில் ஈடுகட்ட ஆள் இல்லை. அங்கே யாரும் யாருக்கும் இறங்க அனுமதி தர முடியாது. ரேடியோவில் "நீங்கள் முதலில் இறங்குங்கள், நான் பின்னால் வருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அது ஒரு மரியாதை. அதை நம்பித் தலையைக் குனிந்துகொள்ளக் கூடாது.

சர்க்யூட்டின் வடிவம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: புறப்பட்டு நேராக ஏறுவது அப்விண்ட், குறுக்கே திரும்புவது கிராஸ்விண்ட், ஓடுபாதைக்கு இணையாகத் திரும்பி வருவது டவுன்விண்ட், பிறகு ஓடுபாதையை நோக்கிக் குறுக்கே திரும்புவது பேஸ், அதன் நேர்கோட்டில் இறங்கி வருவது ஃபைனல். வேறு மாதிரி அறிவிக்கப்படாவிட்டால் எல்லாத் திருப்பங்களும் இடப் பக்கம். ஆஸ்திரேலியாவில் உங்கள் செஸ்னா போன்றவற்றுக்குத் தளத்துக்கு மேல் 1,000 அடி, வேகமான விமானங்களுக்கு 1,500, மிக மெதுவான அல்ட்ராலைட் வகைகளுக்கு 500. சிங்கப்பூர்க்காரர்கள் தடுமாறும் இடம் இதுதான். "தளத்துக்கு மேல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். சிலேத்தார் ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருக்கிறது, ஆகவே 1,000 அடி என்றால் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரமானியிலும் கிட்டத்தட்ட 1,000. நார்தம் கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடி மேலே இருக்கும் ஊர். அங்கே உயரமானியில் 1,000 காட்டினால் நீங்கள் மற்றவர்களைவிடப் பல நூறு அடி கீழே, அவர்கள் தேடாத இடத்தில் இருப்பீர்கள். புறப்படும் முன் எர்ஸா என்று அங்கே எல்லோரும் சொல்லும் தகவல் கையேட்டைத் திறந்து, தளத்தின் உயரம், சர்க்யூட் திசை, ரேடியோ அலைவரிசை, சத்தக் கட்டுப்பாடு நான்கையும் காலில் கட்டும் பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். ஓடுபாதையின் ஒரு முனைக்கு இடச் சர்க்யூட், மறு முனைக்கு வலச் சர்க்யூட் என்று இருக்கும் தளங்களும் உண்டு. மலையோ குடியிருப்போ ஒரு பக்கம் இருந்தால் அப்படிச் செய்வார்கள்.

இனி நுழைவது. புதிய தளம், காற்று எப்பக்கம் என்று உறுதியில்லை, எத்தனை பேர் பறக்கிறார்கள் என்றும் தெரியாது என்றால், தளத்தின் தலைக்கு மேலாகப் போய்ப் பார்த்துவிட்டு இறங்குவதே நல்லது. தளத்துக்கு மேல் குறைந்தது 2,000 அடியில் வாருங்கள். 1,500 அடியில் சுற்றும் வேகமான விமானத்துக்கும் உங்களுக்கும் இடையே அப்போது 500 அடி இருக்கும். மேலேயிருந்து காற்றின் திசை காட்டும் துணிப்பையான விண்ட்சாக்கைப் பாருங்கள், எந்த ஓடுபாதையில் ஆட்கள் இறங்குகிறார்கள் என்று பாருங்கள். பிறகு சர்க்யூட் நடக்காத பக்கத்துக்கு, டெட் சைடு என்பார்களே, அங்கே போய் 1,000 அடிக்கு இறங்குங்கள். உயரம் நிலைத்த பிறகு ஓடுபாதையின் புறப்படும் முனைப் பக்கமாகக் கிராஸ்விண்டில் குறுக்கே கடந்து டவுன்விண்டில் சேருங்கள். ஒன்று மட்டும் செய்யவே கூடாது: சர்க்யூட் நடக்கும் பக்கத்தில் மேலேயிருந்து கீழே இறங்கி வருவது. உங்களுக்குக் கீழே ஒரு செஸ்னா இருந்தால் அதன் இறக்கை அந்த விமானியின் தலைக்கு மேலே கூரையாக இருக்கிறது. அவர் உங்களைப் பார்க்க முடியாது. நீங்கள் இறக்கை கீழே அமைந்த பைப்பர் ஓட்டினால் உங்கள் இறக்கை கீழ்ப்பக்கத்தை மறைக்கிறது, நீங்களும் அவரைப் பார்க்க முடியாது. இருவரும் நல்ல விமானிகளாக இருந்தும் மோதிக்கொள்ள இது போதும். தலைக்கு மேலே கட்டுப்பாட்டு வான்வெளியின் அடித்தளம் எங்கே தொடங்குகிறது என்றும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ராட்னெஸ்ட் பக்கம். பெர்த்தின் பெரிய விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, 2,000 அடி எல்லா இடத்திலும் உங்களுக்குக் கிடைக்காது.

காற்றும் ஓடுபாதையும் ஏற்கெனவே தெரிந்திருந்தால், டெட் சைடிலிருந்து சர்க்யூட் உயரத்திலேயே ஓடுபாதையின் நடுப்பகுதிக்கு மேலாகக் கடந்து நேரே டவுன்விண்டில் சேரலாம். நடுப்பகுதி எதற்கென்றால், அப்போது புறப்படும் சிறு விமானம் அந்த இடத்துக்கு வரும்போது 1,000 அடி ஏறியிருக்காது. நீங்கள் சர்க்யூட் பக்கத்திலிருந்தே வந்தால் டவுன்விண்டுக்கு 45 பாகைக் கோணத்தில் சேரலாம். அமெரிக்காவில் இந்த 45 பாகை நுழைவைத்தான் அதிகாரப்பூர்வமாக முதலில் சொல்கிறார்கள். ஓடுபாதையின் நடுப்பகுதிக்கு எதிரே, உயரம் நிலைத்த பிறகு சேர வேண்டும். மறுபக்கத்திலிருந்து வருபவர் சர்க்யூட்டுக்கு 500 அடி மேலே குறுக்கே கடந்து, தள்ளிப் போய், இறங்கி, திரும்பி வந்து அதே 45 பாகையில் சேர்வது அவர்கள் விரும்பும் வழி. சர்க்யூட் உயரத்திலேயே நடுவே கடந்து நேரே டவுன்விண்டில் சேர்வதையும் அங்கே மாற்று வழியாக ஒப்புக்கொள்கிறார்கள். அப்படிச் சேர்பவர் மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும். இரண்டில் எது பாதுகாப்பு என்று அமெரிக்க விமானிகள் முடிவில்லாமல் சண்டை போடுவார்கள். என் அபிப்பிராயம், தளம் காலியாக இருந்தால் நேரே சேரலாம், கூட்டம் இருந்தால் சுற்றி வருவதே மேல். இது என் பழக்கம், யாரையும் இதற்காகத் திட்ட மாட்டேன்.

பேஸில் நேரடியாகச் சேர்வதை ஆஸ்திரேலியாவில் ஊக்குவிப்பதில்லை. நேராக ஃபைனலில் வந்து இறங்குவது தடை இல்லை. ஆனால் குறைந்தது 3 கடல் மைலுக்கு வெளியிலேயே ஃபைனலில் நிலைத்துவிட வேண்டும், ஏற்கெனவே சர்க்யூட்டில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல் கொடுக்கவும் கூடாது. புதியவர் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பேன், காரணத்தோடு.

2022 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் என்ற கோபுரமற்ற தளத்தில் ஒரு செஸ்னா 152 சர்க்யூட் பறந்துகொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று பத்து மைல் தொலைவிலிருந்தே நேராக இறங்க வருவதாக அறிவித்தது. 3 மைலில் மறுபடியும் சொன்னது. 152 தன் இடங்களை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் பின்னால் வருபவரின் வேகத்தைப் பார்த்து, தான் இறங்காமல் மேலே போவதாகவும் சொன்னது. இருந்தும் மோதிக்கொண்டன, மூன்று பேர் இறந்தார்கள். 340 ஏறக்குறைய 180 நாட், அதாவது மணிக்கு 180 கடல் மைல் வேகத்தில் வந்தது. அந்த வேகத்தில் 3 மைல் என்பது ஒரே ஒரு நிமிடம். ஒரு பயிற்சி விமானம் ஃபைனலில் 60, 65 நாட்டில் போகும், அதே 3 மைலுக்கு அதற்கு மூன்று நிமிடம் வேண்டும். "3 மைல் ஃபைனல்" என்று கேட்டவுடன் 152 போன்ற விமானத்தின் விமானி மனத்தில் வருவது அவருடைய மூன்று நிமிடம்தான். இருவரும் பேசினார்கள், இருவரும் கேட்டார்கள். அங்கே ரேடியோவில் குறை சொல்ல அதிகம் இல்லை. மற்றவர்களோடு பொருந்தாத வேகமும் பாதையும்தான் பிரச்சினை.

பத்து மைலிலிருந்து முதலில் அறிவித்துவிட்டால் ஓடுபாதை நம்முடையது என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். நம் ஊர் உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து மேசையைச் 'சோப்' செய்வோமே, அந்த வித்தை ஆகாயத்தில் செல்லாது. வழி யாருக்கு என்பது உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே விதி: இறங்கிக்கொண்டிருக்கும் அல்லது இறங்குவதன் இறுதிக் கட்டத்தில் இருக்கும் விமானத்துக்கு மற்றவர்கள் வழிவிட வேண்டும். இரண்டு விமானங்கள் இறங்க வந்தால் உயரத்தில் இருப்பது தாழ இருப்பதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் தாழ இருப்பது அதையே சாக்காக வைத்து, இறுதிக் கட்டத்தில் இருப்பதன் முன்னால் புகக் கூடாது. இது சட்டம். யார் முதலில் மைக்கை அழுத்தினார் என்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

சரி, ரேடியோ. ஆஸ்திரேலியச் சட்டம் சொல்வது சுருக்கமானது: ரேடியோ உள்ள விமானம், மோதல் ஆபத்தைத் தவிர்க்க நியாயமாகத் தேவைப்படும் போதெல்லாம் அறிவிக்க வேண்டும். சான்றிதழ் பெற்ற தளங்களில் ரேடியோ கட்டாயம், மற்றச் சில தளங்களில் ரேடியோவே இல்லாத விமானமும் சட்டப்படி வரலாம். அமெரிக்காவிலும் கோபுரமற்ற தளங்கள் பலவற்றில் அப்படித்தான். யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் யாரும் இல்லை என்று அர்த்தமில்லை. எப்போது அறிவிப்பது என்பதற்கான பட்டியல் பரிந்துரை வகை: தரையில் நகரத் தொடங்கும்போது, ஓடுபாதைக்குள் நுழையும்போது, திரும்பி வரும்போது 10 கடல் மைல் தொலைவில், சர்க்யூட்டில் சேரும்போது, பேஸிலிருந்தோ நேராகவோ இறங்குவதானால் அதற்கு முன்பு, ஓடுபாதையைவிட்டு வெளியேறிய பின். 120 நாட்டில் 10 மைல் என்றால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் மற்றவர்கள் உங்களுக்கென்று மனத்தில் ஓர் இடம் ஒதுக்கிக்கொள்வார்கள்.

அறிவிப்புக்கு ஒரு அச்சு உண்டு. யாரிடம் பேசுகிறேன், நான் என்ன விமானம், என் அழைப்புப் பெயர், எங்கே இருக்கிறேன், எந்த உயரம், என்ன செய்யப் போகிறேன், மறுபடியும் எந்தத் தளம். நார்தமுக்கு இப்படி வரும்: "நார்தம் டிராஃபிக், செஸ்னா ஒன் செவன் டூ, எக்ஸ்ரே யாங்கி ஸூலு, ஒன் ஸீரோ மைல்ஸ் சவுத் வெஸ்ட், டூ தவுசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட், இன்பவுண்ட், சர்க்யூட் அட் ஃபோர் ஃபைவ், நார்தம்." இதில் "ஃபோர் ஃபைவ்" என்பது கோணம் இல்லை, சர்க்யூட்டுக்கு வரும் நேரம், மணி கழிந்து 45ஆவது நிமிடம். கடைசியில் தளத்தின் பெயரை ஏன் மறுபடி சொல்ல வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். தனி அலைவரிசை ஒதுக்கப்படாத ஆஸ்திரேலியத் தளங்கள் பலவும் 126.7 என்ற ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன. விமான ரேடியோ நேர்கோட்டில் போவது. 2,500 அடியில் பறக்கும் விமானத்தின் குரல் தரையில் ஏறக்குறைய 60 கடல் மைல் வரை எட்டும். இரண்டு விமானங்களும் ஆகாயத்தில் இருந்தால் இன்னும் அதிகம். அந்த வட்டத்துக்குள் நான்கைந்து தளங்கள் இருக்கலாம். முதல் சொல்லை யாரோ ஒருவர் தவறவிட்டிருப்பார், "டவுன்விண்ட், ஒன் ஃபோர்" என்று ஓடுபாதை எண்ணோடு மட்டும் கேட்டுத் தன் தளத்தில்தான் ஒருவர் டவுன்விண்டில் இருக்கிறார் என்று தேடத் தொடங்குவார். கடைசிச் சொல் அவரைக் காப்பாற்றுகிறது. சில தளங்களில் நீங்கள் பேசி முடித்ததும் ஒரு பதிவுக் குரல் தளத்தின் பெயரைத் திருப்பிச் சொல்லும். சற்று முன்புதான் யாராவது பேசியிருந்தால் வெறும் "பீப்" மட்டும் வரும். அது பதில் தரும் விமானி என்று நினைத்துப் பேச்சைத் தொடராதீர்கள். சரியான அலைவரிசையில் இருக்கிறீர்கள் என்பதற்கு மட்டும் அது சான்று.

பேசுவதற்கு முன் கேளுங்கள். அலைவரிசையை மாற்றிய உடனே மைக்கை அழுத்துவது மரியாதைக் குறைவு மட்டும் இல்லை, ஆபத்தும்கூட. விமான ரேடியோ இன்றும் ஏஎம் முறையில்தான் ஓடுகிறது. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் மற்றவர்கள் காதில் ஒரு கீச்சென்ற சத்தம்தான் விழும், பேசிய இருவருக்கும் தங்கள் பேச்சுகள் மோதியது தெரியவே தெரியாது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ ஜெட்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்ததில், அப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இரண்டு பேச்சுகளுக்கும் பங்கு உண்டு. கோபுரம் காத்திருக்கச் சொன்னதும், இன்னொரு விமானம் தான் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறேன் என்று சொன்னதும் ஒரே கணத்தில் வந்து கீச்சொலியாகிப் போயின. "டேக்ஆஃப்" என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே கோபுரம் பயன்படுத்துவது அதற்குப் பிறகு வந்த வழக்கம். ஆகவே பத்து மைல் அறிவிப்புக்குச் சில நிமிடம் முன்பே அந்த அலைவரிசைக்கு மாறி, சும்மா கேட்டுக்கொண்டிருங்கள். எத்தனை குரல், எந்த ஓடுபாதை, யார் எங்கே என்று ஒரு படம் மனத்தில் உருவாகும். பாதிக் கேள்விகளுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். யாரும் பேசவில்லை என்றால் ஒலியளவையும் அலைவரிசை எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள்.

யார் பேசுகிறார் என்பதை விடாமல் பிடிப்பது அடுத்தது. 1996 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் குயின்ஸி என்ற ஊரில், கோபுரமில்லாத தளத்தில், இறங்க வந்த பீச் 1900 பயணி விமானம், குறுக்கு ஓடுபாதையின் முனையில் ஒரு விமானம் நிற்பதைப் பார்த்து, நீங்கள் புறப்படாமல் நிற்கிறீர்களா என்று கேட்டது. நான் நிற்கிறேன் என்ற பொருளில் பதில் வந்தது. பதில் சொன்னவர் முன்னால் நின்ற கிங் ஏர் இல்லை, அதற்குப் பின்னால் வரிசையில் நின்ற சிறிய செரோக்கியின் விமானி. அவர் பேசியதில் ஒரு பகுதி பயணி விமானத்துக்குள் ஒலித்த எச்சரிக்கைக் குரலில் அமுங்கிவிட்டது. கிங் ஏர் வாயே திறக்காமல் ஓடத் தொடங்கியது. ஓடுபாதைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மோதல், 14 பேர் இறப்பு. இதிலிருந்து நான் மாணவர்களுக்குச் சொல்வது: உங்களைப் பெயர் சொல்லிக் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதானால், உங்கள் அழைப்புப் பெயரையும் நிற்கும் இடத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். உங்களுக்கு வந்த பதிலில் பெயர் இல்லை என்றால் மறுபடி கேளுங்கள். "ஓகே", "ரோஜர்" என்று பெயரில்லாமல் வரும் குரலை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

மற்ற நாகரிகங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். "அந்தப் பகுதியில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எந்தச் சூழ்நிலையிலும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க விமானத் துறையின் கையேடே எழுதிவைத்திருக்கிறது. ஐந்து பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் கீச்சொலிதானே மிஞ்சும். உங்கள் இடத்தை ஒழுங்காகச் சொல்லுங்கள், உங்களுக்குக் குறுக்கே இருப்பவர் தானாகவே வாயைத் திறப்பார். உள்ளூர் ஏரி, தானியக் கிடங்கு பெயர்களை வைத்து இடம் சொல்லாதீர்கள், நீங்கள் அந்த ஊருக்குப் புதியவர். அங்கே ஒருவர் அப்படிச் சொல்லி உங்களுக்குப் புரியவில்லை என்றால் திசையும் தூரமும் கேட்கத் தயங்காதீர்கள். மதியம் என்ன சாப்பிடலாம் என்ற பேச்சு அந்த அலைவரிசையில் வேண்டாம். யாராவது தப்பாகச் சேர்ந்தால் ஆகாயத்தில் திட்டாதீர்கள். திட்டும் பத்து வினாடியில் இன்னொருவரின் ஃபைனல் அறிவிப்பு அடிபட்டுப் போகும். இறங்கிய பிறகு நேரில் போய்ப் பேசலாம். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். சிரிக்க மாட்டார்கள். நாம் சிங்கப்பூரில் பேசும் வேகம்தான் அவர்களுக்குச் சிக்கல். பாதி வேகத்தில் பேசுங்கள், எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், தடுமாறினால் மைக்கைவிட்டு மூச்சு வாங்கி மறுபடி தொடங்குங்கள்.

கண்ணுக்கு வருகிறேன். மோதக்கூடிய விமானம் கண்ணாடியில் நகராது. நகரும் புள்ளியைக் கண் தானாகவே பிடித்துவிடும். ஒரே இடத்தில் நின்று மெல்லப் பெரிதாகும் புள்ளியைத்தான் தவறவிடுவோம். ஆகவே வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் கண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். டவுன்விண்டிலிருந்து பேஸுக்குத் திரும்பும் முன் ஃபைனலின் நீளம் முழுக்க, வெளியே மூன்று நான்கு மைல் வரை ஒரு பார்வை. பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும் முன், எதிர்ப் பக்கத்திலிருந்து இன்னொருவர் தவறான பேஸில் வருகிறாரா என்று வலப் பக்கமும் ஒரு பார்வை. இரண்டாவது என் சொந்தப் பழக்கம், ஆனால் கைவிட மாட்டேன். விளக்குகளைப் பகலிலும் போட்டுவையுங்கள். டேப்லெட் திரையில் மற்ற விமானங்களைக் காட்டும் கருவி இருந்தால் நல்லதுதான், ஆனால் எல்லா விமானமும் சமிக்ஞை அனுப்புவதில்லை. திரை சுத்தமாக இருப்பதால் வானம் சுத்தம் என்று ஆகிவிடாது.

வரிசையில் பொருந்தவில்லை என்று தோன்றினால் என்ன செய்வது? முன்னால் இருப்பவரை நெருங்கிவிட்டால் வேகத்தைக் குறையுங்கள், டவுன்விண்டைக் கொஞ்சம் நீட்டுங்கள், நீட்டுவதை அறிவியுங்கள். கோபுரம் "ஆர்பிட்" சொல்லிப் பழகியவர்கள் தாங்களாகவே 360 பாகை சுற்றப் பார்ப்பார்கள். கோபுரமில்லாத சர்க்யூட்டில் அதைச் செய்யாதீர்கள். சுற்றும்போது பாதி நேரம் பின்னால் வருபவரின் முகத்துக்கு நேரே பறப்பீர்கள். ஃபைனல் கோட்டைத் தாண்டிவிட்டால் இறக்கைச் சரிவை அதிகமாக்கியும், வால் சுக்கானான ரட்டரை அழுத்தியும் உள்ளே இழுக்க ஆசை வரும். 45 பாகைச் சரிவில், உயரத்தை நிலையாகப் பிடிக்கும் திருப்பத்தில், ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும், 60 பாகையில் நாற்பது சதவீதத்துக்கு மேல். 500 அடியில் சுழலில் விழுந்தால் மீளப் போதுமான உயரம் இல்லை. இறங்குவதைக் கைவிட்டு மேலே போங்கள், அதை அறிவியுங்கள். ஓடுபாதைக்குச் சற்று டெட் சைடு ஓரமாக ஏறினால் கீழே புறப்படுபவரைப் பார்த்துக்கொண்டே ஏறலாம். ரேடியோ செத்துப்போனால், ரேடாருக்கு அடையாள எண் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் ரேடியோ பழுதுக்கான 7600 போட்டு, எல்லா விளக்கையும் எரியவிட்டு, நேராக இறங்கும் எண்ணத்தைவிட்டு, தலைக்கு மேலாகப் போய் முழுச் சர்க்யூட் பறந்து இறங்குங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. தனியாகக் கிளம்பும் முன் அங்குள்ள பயிற்றுநர் ஒருவரோடு நார்தமுக்கு ஒருமுறை போய் வாருங்கள். வாடகைக்குக் கொடுக்கும் பள்ளி எப்படியும் உங்களைச் சோதித்துப் பார்க்காமல் சாவியைத் தராது. அந்தச் சோதனைப் பறப்பை ஜண்டகோட் கோபுரத்தைச் சுற்றியே முடித்துவிடாமல், கோபுரமில்லாத ஒரு தளத்துக்கும் நீட்டச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கேட்டிருந்த சின்னக் கேள்வி ஒன்று பாக்கி: தரையில் ஓட யாரிடம் அனுமதி கேட்பது? யாரிடமும் இல்லை. விமானத்தை நகர்த்தும் முன் "நார்தம் டிராஃபிக்" என்று தொடங்கி, எந்த ஓடுபாதைக்குப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு நகருங்கள். ஓடுபாதைக்குள் நுழையும் முன் மூக்கைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தி, ஃபைனலையும் பேஸையும், எதிர் முனையில் யாராவது இறங்க வருகிறார்களா என்பதையும் பார்த்துவிட்டு நுழையுங்கள்.